காயத்தில் விளையும் முத்து



மத்தேயு நற்செய்தி 13ஆம் அதிகாரத்தில், நல்முத்துகளைத் தேடிச் சென்ற வணிகர் ஒருவரை ஆண்டவர் நமக்குக் காட்டுகிறார். விலைமதிப்பு மிக்க ஒரு முத்தைக் கண்டதும், தமக்குள்ள யாவற்றையும் விற்று அதை வாங்கிக்கொண்டவர் அவர். இந்த உவமை நம் தென்கடற்கரை மக்களுக்கு அந்நியமானதல்ல. 1542ஆம் ஆண்டு புனித பிரான்சிஸ் சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது, அவர் சந்தித்த விசுவாசிகள் மூச்சை அடக்கிக் கடலில் மூழ்கி முத்தெடுத்தவர்கள். குவியல் குவியலாகச் சிப்பி எடுத்தாலும், ஒருசிலவற்றில்தான் நல்முத்து இருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

முத்து எப்படி உண்டாகிறது? சுவாதி நட்சத்திரத்தில் பெய்யும் மழைத்துளி சிப்பிக்குள் விழுந்து முத்தாகிறது என்றார்கள் நம் முன்னோர். மணல் துகள்தான் காரணம் என்று பள்ளியில் கேட்டிருக்கிறோம். ஆனால் மணலைச் சிப்பி பெரும்பாலும் வெளியே தள்ளிவிடுகிறது. ஓட்டின் உட்புறத்தை ஒட்டி ஒரு மெல்லிய சதைப் போர்வை இருக்கிறது. ஒட்டுண்ணி துளைத்தோ வேறு விதத்திலோ அது காயப்படும்போது, அதன் செல்கள் சில உள்ளே புகுந்து, ஒரு பையாக வளர்கின்றன. அந்தப் பைக்குள் ஒளிரும் பொருள் அடுக்கடுக்காகப் படிகிறது. ஓர் அடுக்கின் கனம் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை.

இங்கே ஒன்றைக் கவனிப்போம். முத்துக்கென்று சிப்பி தனிப்பொருள் எதையும் தேடிப் போவதில்லை. தன் ஓட்டின் உட்புறத்தை நாள்தோறும் எதனால் பூசி வருகிறதோ, அதையேதான் காயத்தின்மேலும் பூசுகிறது. நாமும் அப்படித்தான். துன்பம் வந்த நாளில் புதிதாகப் பொறுமையைத் தேடினால் கிடைக்காது. வீட்டில் அன்றாடம் சொல்லும் செபமும், சின்னச் சின்ன மன்னிப்புகளுமே அன்று நமக்குக் கைகொடுக்கும்.

வளர்ப்பு முத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜப்பானில் மிகிமோட்டோ 1893இல் அரைவட்ட முத்துகளை வளர்த்தெடுத்தார். நம் தூத்துக்குடியில் 1973இல் விஞ்ஞானிகள் உருண்டை முத்தை விளைவித்தார்கள். வளர்ப்பு முத்து போலி முத்து அல்ல; அதுவும் சிப்பி தந்ததே. சிப்பியின் உடலைக் கீறி, ஓட்டிலிருந்து கடைந்த சிறு மணியை வைக்கிறார்கள். மணி மட்டும் போதாது. இன்னொரு சிப்பியின் சதைப் போர்வையிலிருந்து வெட்டிய சிறு துண்டை அதன் அருகே வைத்தால்தான் முத்துப் பை வளரும். அந்தச் சதையைத் தந்த சிப்பியோ உயிரை இழக்கிறது.

அன்பானவர்களே, நம் காயங்கள் தாமாக முத்தாவதில்லை. கணவரை இழந்த சகோதரியிடம், "எல்லாம் நன்மைக்கே" என்று சொல்லிவிட்டு நடந்துவிடுகிறோம். அந்தச் சொல் வெறும் மணிதான். அவர் அருகில் நம் வாழ்வின் ஒரு பகுதியை, நேரத்தையோ உழைப்பையோ, வைக்கிறோமா? தம் சதையையே நமக்கு உணவாகத் தந்த ஆண்டவர் காட்டிய வழி அதுதான்.

இன்னொன்றையும் மறவாதிருப்போம். கீறப்பட்ட சிப்பிகள் எல்லாம் முத்துத் தருவதில்லை. பல இறந்துபோகின்றன, சில மணியை உமிழ்ந்துவிடுகின்றன. ஆகவே, பிறரைக் காயப்படுத்திவிட்டு, "பட்டால்தான் திருந்துவார்கள்" என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. காயப்பட்டும் முத்தாக முடியாமல் தவிப்பவரைக் குறைகூறவும் உரிமையில்லை. நம்மில் ஒவ்வொருவரையும் விலையுயர்ந்த முத்தாக எண்ணித் தம்மையே தந்தவர், வெறுமையான சிப்பியையும் வீசி எறிவதில்லை.

இந்த வாரம் காயப்பட்ட ஒருவரை நினைத்துக்கொள்வோம். அவர் வீட்டுக்கு ஒருமுறை போய், சற்று நேரம் உடன் அமர்ந்திருப்போம்.

ஆண்டவரே, எங்கள் காயங்களை உம் அன்பால் போர்த்தியருளும். பிறர் காயத்தருகே எங்களையே வைக்கும் மனத்தைத் தாரும். ஆமென்.