பிராணவாயுவின் அளவு

(உத்தரமேரூரில் நடைபெற்ற நம் சங்கக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



இலக்கணம் கற்பித்து வயிறு வளர்க்கும் யான் வைத்திய விஷயம் பேசத் துணிந்தது நகைப்பிற்கு இடமாகலாம். யான் சொல்ல வந்தது வைத்தியமன்று. யானே செய்த ஒரு பிழை.

என் அன்னையார் நாற்பதாண்டு விறகடுப்பின் முன் அமர்ந்து சமைத்தவர். அப்புகையால் நுரையீரல் நலிந்து, நாட்பட்ட சுவாசத்தடை நோய் அவரைப் பற்றிற்று. வைத்தியர், வீட்டிலேயே பிராணவாயு இயந்திரம் வைத்து, மூக்கிற் செருகும் இருமுனைக் குழாய் வழியாக நிமிஷத்திற்கு 1 லிட்டர் செலுத்துமாறு எழுதித் தந்தார். ஒரு நள்ளிரவில் அன்னையார்க்கு மூச்சு வாங்கிற்று. மிகுதியாகச் சென்றால் கேடென்ன என்றெண்ணி, யான் திருகை 5 லிட்டருக்கு ஏற்றினேன். விரலில் மாட்டிய ஆக்ஸிமீட்டர் 99 காட்டிற்று. மகிழ்ந்து உறங்கினேன். வைகறையில் எழுப்பியபோது அவர் கண் திறந்திலர், ஏதோ குழறினார். மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். தெய்வாதீனமாகப் பிழைத்தார். பள்ளியில் பிள்ளைகளுக்கு நித்தமும் சொல்லும் அமிர்தப் பழமொழி எனக்கே மறந்துபோயிற்று.

காரணம் யாதெனின், இந்நோயுடையார் பலருக்குப் பிராணவாயு மிகுந்தால் கரியமிலவாயு வெளியேறாது இரத்தத்தில் தேங்கும். முதலில் தலைநோவு, பின்னர் தூக்கம், அதன்பின் நினைவிழப்பு. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த டாஸ்மேனியாத் தீவில், மூச்சுத்திணறலோடு ஆம்புலன்ஸில் சென்ற 405 பேரிடத்து நிகழ்த்திய ஆராய்ச்சி 2010-இல் வெளியாயிற்று. மிகுதியாகப் பிராணவாயு பெற்றோரில் நூற்றுக்கு 9 பேர் இறந்தனர். அளந்து பெற்றோரில் 4 பேரே இறந்தனர்.

ஆதலின் இந்நோயுடையார்க்கு ஆக்ஸிமீட்டர் 88-க்கும் 92-க்கும் இடையில் நிற்பதே போதும். ஏனைய பெரியவர்களுக்கு 94 முதல் 98 வரை. 99 கண்டு மகிழ வேண்டுவதில்லை. விரல் குளிர்ந்திருப்பினும், நகத்திற் சாயம் இருப்பினும் அக்கருவி பொய் சொல்லும்.

நாம் சுவாசிக்கும் காற்றில் நூற்றுக்கு 21 பங்கு பிராணவாயு உளது. மூக்குக் குழாயில் 1 லிட்டர் விட்டால் அது ஏறத்தாழ 24 பங்காகும்; மேலும் ஒவ்வொரு லிட்டருக்கும் ஏறத்தாழ 4 பங்கு கூடும். நம் முன்னோர் ஏரி மடையைச் சிறிதே திறந்து, வாய்க்காலைப் பார்த்து, மீண்டும் திறப்பர். அவ்வாறே வைத்தியர் விதித்த எல்லைக்குள் அரை லிட்டரோ ஒரு லிட்டரோ மாற்றி, சில நிமிஷம் பொறுத்து, கருவியைப் பார்த்தல் வேண்டும். எண் எல்லைக்கு மேற்போனால் குறைக்கவும் வேண்டும். இதனைத்தான் எவரும் செய்வதில்லை. அளவைக் கண்ணாடியில் மிதக்கும் குண்டின் நடுப்பகுதி நிற்கும் கோடே கணக்கு. 6 லிட்டர் விட்டும் போதவில்லையாயின் வீட்டில் தாமதியாது மருத்துவமனை செல்க. ஆங்கே காற்றை வெப்பமும் ஈரமும் ஊட்டி, நிமிஷத்திற்கு 60 லிட்டர் வரையில் மூக்கின் வழியே செலுத்தும் பெருங்கருவி உண்டு. அது வீட்டு வேலையன்று.

2021-ஆம் ஆண்டு மே மாதம் நம் அண்டையிலுள்ள செங்கற்பட்டு அரசினர் மருத்துவமனையில் ஓரிரவில் 13 பேர் இறந்த செய்தியை மறந்தோமில்லை. பிராணவாயுக் குறைவே காரணம் என்றார் உறவினர், அன்றென்றனர் அதிகாரிகள். அக்காலத்து அச்சத்தில் வாங்கிய இயந்திரங்கள் இன்றும் பல வீடுகளில் உள்ளன. 7000 லிட்டர் கொள்ளும் பெரிய சிலிண்டர் 5 லிட்டர் வீதத்தில் 23 மணி நேரம் வரும். 10 லிட்டரில் அதிற் பாதியே. அன்று வீணே திறந்துவிட்ட திருகு பிறனொருவனுடைய மூச்சைக் குறைத்தது.

இன்னுமொன்று. குழாய் பூட்டிய நோயாளி அருகில் பீடி, கர்ப்பூரம், குத்துவிளக்கு ஒன்றும் ஆகா. தீ நொடியிற் பற்றும்.

நம் சங்கம் இயந்திரங்களை இரவல் கொடுக்கக் கருதியிருப்பதாக அறிகிறேன்; நன்று. நோயாளிக்கு எத்தனை லிட்டர், எண் எதுமுதல் எதுவரை என வைத்தியர் கைப்பட எழுதிய சீட்டை இயந்திரத்தின்மீது ஒட்டிய பின்னரே அதனை வெளியே அனுப்புமாறு காரியதரிசி அவர்களை வேண்டிக்கொள்ளுகிறேன்.