புலியும் கந்துவட்டியும்
(குற்றாலத்தில் பேசியது)



இந்த மலைத்தொடரில் புலி உண்டு. அது பதுங்கும்; பசித்தால் அடிக்கும்; வயிறு நிறைந்தால் படுத்துவிடும். நாளைய வட்டிக்கென்று அது எந்த மானையும் கட்டிவைப்பதில்லை.

ஹிதோபதேசக் கதையிலோ ஒரு கிழப்புலி, தர்ப்பையும் பொன்வளையும் காட்டி, தானம் தருவதாக வழிப்போக்கனை அழைத்துத் தின்கிறது. காட்டுப்புலிக்கு இந்த வித்தை ஏது? மனிதனைப் பார்த்துத்தான் அதை எழுதியிருக்க வேண்டும் என்போம்.

கந்துவட்டிக்காரன் அந்தக் கிழப்புலியின் இனம். ஆபத்துக்கு உதவுகிறவன்போல் வருவான்; முதலுக்குமேல் வாங்கியும் விடமாட்டான். இதைத் தடுக்க 2003-லேயே சட்டம் வந்தது. இருந்தும் என்ன? தென்காசிப் பக்கத்துக் கூலித்தொழிலாளி ஒருவர், கந்துவட்டிக் கொடுமையென்று மனுமேல் மனுக்கொடுத்தும் பலனின்றி, 2017 அக்டோபர் 23-ல் திருநெல்வேலி கலெக்டர் ஆபீசிலேயே மனைவி, இரு பெண் குழந்தைகளோடு தீக்கிரையானார். நால்வரும் மாண்டனர்.

இதையும் தலைவிதி என்பதா? புலியின் பல் பிறவியில் வந்தது. வட்டிக்காரனின் பல் நம் பயத்தில் முளைத்தது. அவன் கடன்பட்டவர் வாசலில் நின்று கத்தும்போது நாம் கதவைச் சாத்திக்கொள்கிறோம். அதுதான் அவன் பலம். கூட்டமாய் நிற்கும் காட்டெருமையிடம் புலியும் யோசிக்கும். தெருவே திரண்டு, “சட்டம் தெரியுமா?” என்று கேட்கட்டும். அன்றைக்கே அவன் பல் ஆடும்.