தலைவலியின் பின்னால் ஓடலாமா?



கட்டுமாவடி மீன் சந்தையில் பொழுது நன்றாக விடிவதற்குள் பாதி வியாபாரம் முடிந்துவிடும். கிழக்குக் கடற்கரைச் சாலையோரம், தஞ்சை மாவட்ட எல்லையை ஒட்டிய அந்த ஊரில், படகு கரையேறும் நேரமும் ஏலம் கூறும் நேரமும்தான் வீட்டில் எல்லாருடைய நேரத்தையும் முடிவு செய்கின்றன. அங்கே கூடைக்கு மீன் எடுத்து விற்கிற ஒரு பெண்ணின் காலையைக் கவனியுங்கள். இருட்டோடு எழுந்தாயிற்று. வெறும் வயிற்றில் ஒரு டீ. ஏலக்காரர் குரல், ஐஸ் உடைக்கும் சத்தம், கண்ணுக்கு நேரே எரியும் விளக்கு, வண்டிகளின் டீசல் புகை. பிறகு கூடையோடு பஸ், தெருத்தெருவாக வெயில். பதினொரு மணிக்கு நெற்றிப்பொட்டு விண் விண்ணென்று தெறிக்கும்போது மருந்துக்கடையில் நின்று, "தலைவலி மாத்திரை ரெண்டு குடுங்க" என்கிறார். கடைக்காரர் அட்டையிலிருந்து இரண்டைக் கத்தரித்துத் தருகிறார். அது அன்றைய வலிக்கு. அடுத்த வாரத்து வலிக்கு என்ன செய்வது? அடிக்கடி வரும் ஒற்றைத் தலைவலியை, வந்த பிறகு துரத்துவதைவிட வராமல் தடுப்பதே பெரிய வைத்தியம். நேரத்துக்கு உண்டு நேரத்துக்கு உறங்க முடியாத உழைப்பாளிகளுக்குத்தான் அந்தத் தடுப்பு வைத்தியம் முதலில் போய்ச் சேர வேண்டும் என்பதே இந்த உரையில் நான் சொல்ல வருவது.

இது எங்கோ ஒருவருக்கு வருகிற நோய் இல்லை. பெங்களூரு நிமான்ஸ் மருத்துவமனை ஆய்வாளர்கள் கர்நாடகத்தில் 2,329 பேரிடம் வீடு வீடாக நடத்திய கணக்கெடுப்பு 2015இல் வெளியானது. ஓராண்டுக்குள் ஒற்றைத் தலைவலி வந்தவர்கள் ஏறத்தாழ நான்கில் ஒருவர். ஆண்களைவிடப் பெண்களுக்கும், நகரத்தைவிடக் கிராமத்துக்கும் அதிகம். இவ்வளவு பேருக்கு வந்தும் நாம் அதை அடையாளம் காண்பதில்லை. சைனஸ், பித்தம், கண்பார்வைக் கோளாறு என்று வேறு பெயர் சொல்லிவிடுகிறோம். தங்களுக்கு இருப்பது சைனஸ் தலைவலி என்று நம்பிய 2,991 பேரை அமெரிக்காவில் ஆராய்ந்தபோது, அவர்களில் 88 சதவீதம் பேருக்கு இருந்தது ஒற்றைத் தலைவலிக்கான அறிகுறிகளே என்று 2004இல் தெரியவந்தது. அடையாளம் கடினமில்லை. நான்கு மணி நேரத்திலிருந்து மூன்று நாள் வரை நீடிக்கும், துடித்துத் துடித்து வலிக்கும், நடந்தால், குனிந்தால் கூடும், குமட்டும், வெளிச்சமும் சத்தமும் பொறுக்காது. சிலருக்கு வலிக்கு முன் கண்ணில் பளிச்சென்று நெளிகோடுகள் ஓடும். வலி ஒரு பக்கம்தான் வர வேண்டும் என்பதில்லை.

மண்டைக்குள் என்ன நடக்கிறது என்பது கடந்த நாற்பது ஆண்டுகளில்தான் ஓரளவு தெளிந்தது. முகத்துக்கும் மூளை உறைகளுக்கும் உணர்ச்சி தருகிற முக்கிளை நரம்பு கிளர்ந்தெழுந்து, சி.ஜி.ஆர்.பி. என்கிற புரதத் துணுக்கை வெளியிடுகிறது. வலியைப் பெருக்குவதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு என்று காட்டியவர்கள் உள்ளிட்ட நான்கு விஞ்ஞானிகளுக்கு 2021இல் மூளை ஆய்வுக்கான உயர்ந்த பரிசு கிடைத்தது. இந்த நோய்க்கு உள்ளாகும் மூளை பிறப்பிலேயே கூர்மையானது, மாற்றத்தைப் பொறுக்காது. தூக்கம் குறைந்தாலும் கூடினாலும், வேளை தவறினாலும், தண்ணீர் வற்றினாலும், மாதவிலக்கை ஒட்டிச் சுரப்புகள் இறங்கினாலும் அது சீறும். தலைக்குக் குளித்தால் தலைவலி வருகிறது என்று நம் வீட்டுப் பெண்கள் சொல்வதைக்கூட மும்பை மருத்துவர் கே. ரவிசங்கர் ஆராய்ந்தார். 1,500 நோயாளிகளில் 94 பேருக்கு அது உண்மையாகவே வலியைத் தூண்டியதாக 2006இல் எழுதினார். ஆனால் தூண்டுவதெல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்ந்துதான் வேலை செய்கின்றன. நன்றாகத் தூங்கிச் சாப்பிட்ட நாளில் வெயில் ஒன்றும் செய்யாமல் போகலாம். பட்டினி நாளில் அதே வெயில் ஆளைப் படுக்க வைக்கும்.

அப்படியானால் நேரத்துக்குச் சாப்பிடு, நேரத்துக்குத் தூங்கு என்பதுதானே அறிவுரை, கடலை நம்பிப் பிழைப்பவருக்கு அது எப்படி முடியும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. காற்றும் நீரோட்டமும் கடிகாரம் பார்ப்பதில்லை. ஆனால் ஒழுங்கு என்பது எல்லாவற்றிலும் வேண்டும் என்பதில்லை, கைக்கு எட்டியவற்றில் இருந்தாலே பலன் உண்டு. டீக்கு முன் இரண்டு வாய் பழைய சோறு, சந்தைக்குப் போகும்போது ஒரு பாட்டில் தண்ணீர், வெயிலில் தலைக்குத் துண்டோ தொப்பியோ, பகலில் தூங்கினாலும் தினமும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் தூங்குவது. ரமலான் நோன்பு இருப்பவர்கள் விடியலுக்கு முன் உண்ணும் சஹர் உணவைத் தவிர்க்காமல், நோன்பு மாதம் வருவதற்கு முன்பே டீயைப் படிப்படியாகக் குறைத்துக்கொள்ளலாம். டீ திடீரென நின்றாலும் தலை வலிக்கும். இதில் பலன் உண்டா என்று அவரவரே சோதிக்கவும் வழி இருக்கிறது. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகை நம்பியிருக்கிற குடும்பங்களில் அப்போது உறக்கமும் சாப்பாடும் வேறு ஒழுங்குக்கு வரும். அந்த இரண்டு மாதத்தில் தலைவலி வந்த நாட்களையும், கடலுக்குப் போகும் மாதங்களில் வந்த நாட்களையும் நாள்காட்டியில் குறித்து ஒப்பிடுங்கள். அக்கினி வெயிலையும் மீறி எண்ணிக்கை குறைந்தால், உங்கள் வலிக்கு உறக்கமும் வயிறும் முக்கியக் காரணம் என்று சந்தேகிக்க இடமுண்டு.

வலி வந்தேவிட்டால் மாத்திரை போடுவதில் தவறில்லை. எப்போது, எவ்வளவு, எத்தனை நாள் என்பதில்தான் தவறுகிறோம். பொறுத்துப் பார்ப்போம் என்று மாலை வரை இழுத்தால், வயிறு மந்தமாகி மாத்திரை உடம்பில் சேர்வதே தாமதமாகும். வலி தொடங்கியதும், போதிய அளவில் பாராசிட்டமாலோ இபுப்ரோபெனோ எடுத்தால் பலருக்கு அடங்கிவிடும். குடல்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இபுப்ரோபெனை மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. வாந்தி இருந்தால் அதற்கும் சேர்த்து மருந்து வேண்டும். அதிலும் அடங்காதவர்களுக்கு சுமாட்ரிப்டான் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் அதை இன்றியமையா மருந்துகளில் சேர்த்தது. இருதய நோய் உள்ளவர்களுக்கு அது ஆகாது. மலிவான மாத்திரை இருக்க வேறு வைத்தியம் எதற்கு என்பவர்கள் ஒன்றைக் கணக்கில் வைக்க வேண்டும். சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, கூட்டு மாத்திரைகளையும் சுமாட்ரிப்டான் போன்ற டிரிப்டான் வகையையும் 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் போட்டுவந்தால், மாத்திரையே தலைவலிக்குக் காரணமாகிவிடும். அட்டையிலிருந்து கத்தரித்து வாங்குபவருக்கு அதில் என்ன மருந்து கலந்திருக்கிறது என்று தெரியாது. எத்தனை நாள் போட்டோம் என்ற கணக்கும் இருக்காது.

இங்கேதான் தடுப்பு மருந்து வருகிறது. மாதத்தில் நான்கு நாளுக்கு மேல் வலித்தால், அல்லது வந்த வலி வேலையைக் கெடுத்தால், அதைப் பற்றி மருத்துவரிடம் கேட்கும் நேரம் வந்துவிட்டது. ப்ரொப்ரனலால், அமிட்ரிப்டிலின் ஆகியவை பல பத்தாண்டுகளாகப் புழக்கத்தில் உள்ள, விலை குறைந்த மருந்துகள். ஆஸ்துமா உள்ளவருக்கு முதலாவது ஆகாது. இரண்டாவது தூக்கம் வரவழைக்கும் என்பதால் படகு ஓட்டுபவர் எந்த நேரத்தில் போடுவது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். வால்ப்ரோயேட், டொபிரமேட் போன்ற வேறு தடுப்பு மருந்துகள் கருவைப் பாதிக்கக்கூடும் என்பதால், குழந்தை பெறும் வயதுப் பெண்கள் கர்ப்ப வாய்ப்பை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். தினமும் மாத்திரையா, பழகிப்போய்விடாதா என்ற அச்சம் எல்லாருக்கும் உண்டு. இவை போதைப் பழக்கம் ஏற்படுத்துபவை அல்ல. பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும். வலி குறைந்து சில மாதம் நிலைத்த பின், மருத்துவர் சொல்படி குறைத்து நிறுத்த முயலலாம். வலி அறவே நிற்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. நாட்கள் பாதியாகக் குறைந்தாலே அது வெற்றி. மாதம் எட்டு நாள் முடங்கும் ஒருவர் அதில் நான்கு நாள் வேலைக்குப் போகிறார் என்றால் அந்த வீட்டுக்கு அது நான்கு நாள் வருமானம்.

சுக்கும் தைலமும் போதாதா என்றும் கேட்கலாம். சுக்குப்பொடியை சுமாட்ரிப்டானோடு ஒப்பிட்டு ஈரானில் 100 பேரிடம் நடத்திய ஆய்வில் இரண்டும் ஏறத்தாழ ஒரே பலன் தந்தன. ஆய்வு சிறியது என்பதால் ஆறுதலாக ஏற்கலாம், அதையே நம்பியிருக்க முடியாது. டெல்லி எய்ம்ஸ் 2020இல் வெளியிட்ட ஆய்வில், மருந்தோடு யோகாவும் செய்தவர்களுக்கு மருந்து மட்டும் எடுத்தவர்களைவிட வலி குறைந்தது. மருந்தோடு என்பதைக் கவனிக்க வேண்டும். இன்னொரு பக்கம், ஸ்கேன் எடுக்காமல் எப்படி என்று கவலைப்படுகிறவர்கள் உண்டு. ஆண்டுக்கணக்கில் ஒரே மாதிரி வந்துபோகும் வலிக்குப் பெரும்பாலும் ஸ்கேன் தேவைப்படாது. ஆனால் இடி விழுந்தாற்போல் ஒரே நொடியில் உச்சத்துக்குப் போகும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கை கால் இழுப்பு, பேச்சுக் குழறல், தலையில் அடிபட்ட பின் வரும் வலி, ஐம்பது வயதுக்கு மேல் புதிதாக வரும் வலி, கர்ப்பத்தில் வரும் கடும் வலி ஆகியவை வந்தால் தைலமும் வேண்டாம், மாத்திரையும் வேண்டாம்; உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. வலியே தெரியாத ரத்த அழுத்தத்துக்குத் தினமும் மாத்திரை போடச் சம்மதித்த நாம், ஆளை முடக்கும் தலைவலிக்கு மட்டும் தடுப்பு வேண்டாம் என்பதில் என்ன பொருத்தம்? வீடு தேடி வரும் பணியாளர் "மாதத்தில் எத்தனை நாள் தலை வலிக்கிறது, எத்தனை நாள் மாத்திரை போடுகிறீர்கள்" என்ற இரண்டு கேள்வியைச் சேர்த்துக் கேட்டாலே, தடுப்பு மருந்து தேவைப்படுபவர் யாரென்று பெருமளவு தெரிந்துவிடும். அதுவரை அந்த இரண்டு எண்ணையும் நீங்களே குறித்துவைத்து, மூன்று மாதக் கணக்கோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அறந்தாங்கி அரசு மருத்துவமனைக்கோ போங்கள். வலி இல்லாத ஒரு நாளாகப் பார்த்துப் போங்கள். தலையைப் பிடித்துக்கொண்டு போனால் அன்றைய ஊசியோடு திரும்பிவிடுவோம், தடுப்பு மருந்தைப் பற்றிப் பேச நிதானம் இருக்காது.