பித்தவெடிப்புக்கு வீட்டிலேயே ஒரு களிம்பு



குளிர்காலம் உள்ள நாடுகளில் டிசம்பர், ஜனவரி மாதங்கள் வந்துவிட்டால் மக்களுக்கு உதடு வெடிக்கும். கை சொரசொரத்துப் போகும். அங்கே வறண்ட காற்று தோலில் உள்ள ஈரத்தை உறிஞ்சிவிடுகிறது. நம் நாட்டில்தான் பனிக்காலமே இல்லையே, நமக்கு ஏன் இந்தப் பேச்சு என்று நீங்கள் கேட்கலாம். தோட்டத்தில் வேலை செய்பவர்களின் உள்ளங்கையையும் குதிகாலையும் ஒரு முறை பாருங்கள். அங்கே காற்று செய்கிற காரியத்தை இங்கே நம் வேலை செய்துவிடுகிறது.

பால்மரம் வெட்டுபவர்களின் கையில் பாலும், அதை உறைய வைக்கும் அமிலமும் படுகின்றன. செம்பனைக் காட்டில் உரம் போடுபவர்களின் கையில் உப்புத் தன்மையுள்ள உரம் படுகிறது. வீட்டிலோ பாத்திரம் கழுவுவதும் துணி துவைப்பதும் ஓய்வதே இல்லை. எந்நேரமும் தண்ணீரிலேயே இருக்கும் கை எப்படி வறண்டு போகும் என்று பலர் வியப்படைகிறார்கள்.

வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்வதைப் போலவே உங்களுக்கும் சொல்கிறேன். நமது மேல்தோலை ஒரு செங்கல் சுவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தோலின் அணுக்கள் செங்கற்கள். அவற்றின் இடையே உள்ள கொழுப்பு, சுவரின் சாந்து. சவர்க்காரம் அழுக்கை நீக்கும்போது அந்தச் சாந்தையும் கொஞ்சம் கரைத்துக்கொண்டு போகிறது. சாந்து போன சுவரில் சந்து விழும். அந்தச் சந்து வழியே உடலின் ஈரம் வெளியேறுகிறது. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் எண்ணெய்ச் சுரப்பிகள் கிடையாது. அதனால்தான் அந்த இடங்கள் எளிதில் வெடிக்கின்றன. பித்தவெடிப்பு என்று பெயர் வைத்திருந்தாலும், பித்தத்திற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இதிலிருந்து ஓர் உண்மையைத் தெரிந்துகொள்ள வேண்டும். எண்ணெய் தோலுக்கு ஈரத்தைக் கொடுப்பதில்லை. இருக்கும் ஈரத்தை வெளியே போகாமல் மூடி வைக்கிறது. ஆகவே காய்ந்த தோலில் எண்ணெய் தேய்ப்பதால் பலன் குறைவு. குளித்த பிறகு துண்டால் ஒற்றி, தோல் சற்று ஈரமாக இருக்கும்போதே பூச வேண்டும்.

தேங்காய் எண்ணெய் இதற்கு நல்லது. 2004ஆம் ஆண்டு வெளியான பிலிப்பைன்ஸ் ஆய்வு ஒன்றில், வறண்ட தோலுக்கு மினரல் எண்ணெயைப் போலவே தேங்காய் எண்ணெயும் பயன் தந்தது. ஆனால் ஒரு சிரமம் உண்டு. தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழேதான் உறையும். கேமரன் மலையில் குளிர்ந்த காலை நேரத்தில் அது போத்தலுக்குள் உறைந்து நிற்கும். கீழே உள்ள தோட்டங்களின் வெப்பத்தில் தண்ணீராக ஓடிவிடும். பாயில் கறை பிடிக்கும், கால் வழுக்கும். எண்ணெயைத் தோலில் நிறுத்தி வைக்கத்தான் தேன்மெழுகு சேர்க்கிறோம்.

எடை அளவில் எண்ணெய் நான்கு பங்கு, மெழுகு ஒரு பங்கு. அதாவது 80 கிராம் தேங்காய் எண்ணெய்க்கு 20 கிராம் தேன்மெழுகு. எண்ணெய் 80 கிராம் என்பது சுமார் ஆறு மேசைக்கரண்டி. மெழுகைத் துருவி எண்ணெயோடு ஒரு சிறு கிண்ணத்தில் போடுங்கள். ஒரு சட்டியில் தண்ணீர் கொதிக்க வைத்து, தீயைக் குறைத்து, அதற்குள் கிண்ணத்தை வையுங்கள். தேன்மெழுகு ஏறக்குறைய 63 டிகிரியில் உருகும். வெந்நீரின் சூடே போதும். கிண்ணத்தை நேராக அடுப்பில் வைக்காதீர்கள், எண்ணெய் தீப்பற்றக்கூடும். பிள்ளைகளையும் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

உருகியதும் ஒரு துளியைத் தட்டில் விட்டு ஆற விடுங்கள். கல்லாக இறுகினால் கொஞ்சம் எண்ணெயும், ஓடினால் கொஞ்சம் மெழுகும் சேர்க்கலாம். பிறகு கழுவி நன்றாகக் காய்ந்த மூடிபோட்ட டப்பாவில் ஊற்றுங்கள். தேன்மெழுகு கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம். கடையில் விற்கும் சாதாரண பெட்ரோலியம் ஜெல்லியும் அதே வேலையைச் செய்யும்.

இதில் தண்ணீர், பன்னீர், பச்சைக் கற்றாழைச் சாறு எதையும் சேர்க்காதீர்கள். நீர் சேர்ந்த களிம்பில் கிருமியும் பூஞ்சையும் வளரும். ஈரக் கையால் தொடவும் வேண்டாம். எலுமிச்சைச் சாறும் வேண்டாம். அது வெடிப்பில் எரியும், அதோடு வெயில் பட்டால் தோல் வெந்து கொப்பளிக்கவும் கூடும். முதலில் முழங்கையின் உட்புறத்தில் சிறிது பூசி ஒரு நாள் பாருங்கள். அரிப்போ சிவப்போ வந்தால் அந்தக் களிம்பு உங்களுக்கு ஆகாது.

குதிகாலுக்கு இரவில் பத்து நிமிடம் வெதுவெதுப்பான நீர் போதும். பிறகு குதிகால் தேய்க்கும் கல்லால் மெதுவாகத் தேய்த்து, ஒற்றி, களிம்பைப் பூசி, பழைய பருத்திக் காலுறை போட்டுக்கொண்டு தூங்குங்கள். பிளேடால் சீவாதீர்கள்.

நேயர்களே, இது அழகுக்காக மட்டும் சொல்வதல்ல. வெடிப்பு என்பது திறந்து கிடக்கும் கதவு. பாராகுவாட் என்ற களைக்கொல்லி 2020 ஜனவரி 1 முதல் மலேசியாவில் தடைசெய்யப்பட்டது. நல்ல தோலை விட, வெடித்த தோல் வழியாக அந்த நஞ்சு அதிகமாக உடலுக்குள் போகும். மற்ற மருந்துகளை அடிக்கும்போதும் கையில் வெடிப்பு இருந்தால் மிகுந்த கவனம் வேண்டும். இந்தக் களிம்பு கையுறைக்கு மாற்று ஆகாது. எண்ணெய் பட்டால் ரப்பர் கையுறை கெட்டுவிடும்; ஆகவே வேலைக்குப் போகும் முன் பூசாமல், வேலை முடிந்து கழுவிய பின் பூசுங்கள்.

இனிப்புநீர் உள்ளவர்களுக்கு இன்னொரு ஆபத்து உண்டு. நாளடைவில் காலில் உணர்ச்சி குறைந்து, வெடிப்பில் புண் வந்தாலும் வலி தெரியாமல் போகலாம். வலிக்கவில்லையே என்று விட்ட புண்ணால் காலையே எடுக்க நேர்ந்தவர்கள் உண்டு. அவர்கள் வெந்நீரில் காலை ஊற வைக்கவோ, கல்லால் தேய்க்கவோ வேண்டாம். விரலிடுக்கில் களிம்பு பூசவும் வேண்டாம். வெடிப்பில் இரத்தமோ சீழோ வீக்கமோ கண்டால், யாராக இருந்தாலும் வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டு உடனே கிளினிக்குக்குப் போங்கள்.

பிள்ளைகளே, இன்றிரவு உங்கள் அப்பா, அம்மா, பாட்டி, தாத்தாவின் பாதங்களை விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். அவர்கள் தம் குதிகாலைத் தாமே குனிந்து பார்ப்பது அரிது. வெடிப்பு சிறியதாக இருக்கும்போதே களிம்பைப் பூசிவிடுங்கள். நம்மைச் சுமந்த கால்களுக்கு நாம் செய்யக்கூடிய சிறு உதவி அது.