ஜப்திக்கும் ஓர் எல்லை உண்டு

கடன் வழக்கில் தோற்றவர் வீட்டு வாசலில் நீதிமன்ற அமீனா வந்து நின்றால், இருப்பதையெல்லாம் வாரிக்கொண்டு போய்விடுவார் என்றுதான் பலரும் நினைக்கிறோம். சட்டம் அதற்கு இடம் தரவில்லை. 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆவது பிரிவு, எதை ஜப்தி செய்யலாம் என்று இரண்டொரு வரியில் சொல்லிவிட்டு, எதைத் தொடக் கூடாது என்று நீளமாகப் பட்டியல் போடுகிறது. உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை, மத வழக்கப்படி பெண் கழற்றக் கூடாத நகை, கைவினைஞரின் கருவி, விவசாயியின் ஏர், பிழைப்புக்கு வேண்டிய மாடு, விதைநெல் எல்லாம் அதில் உண்டு. இதை வெறும் இரக்கம் என்று தள்ளிவிட முடியாது. விதைநெல்லை ஏலம் போட்டால் கடனில் ஒரு துளி அடையும். அறுவடை போய்விட்டால் மிச்சக் கடன் அடைய வழியே இல்லை. சம்பாதிக்கும் சக்தியைக் காப்பாற்றினால்தான் கடனும் வசூலாகும் என்பதே இந்தப் பிரிவின் கணக்கு.

சம்பளத்துக்கும் அதே கணக்குதான். கூலித் தொழிலாளி, வீட்டு வேலை செய்பவர் ஆகியோரின் கூலியை ஜப்தி செய்யவே முடியாது. மாதச் சம்பளக்காரருக்கு முதல் ஆயிரம் ரூபாயும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் பாதுகாப்பு. கணக்கில் வரும் சம்பளம் 25,000 ரூபாய் என்றால், 17,000 ரூபாய் வீட்டுக்கு. 8,000 ரூபாய் வரை டிக்ரிதாரருக்கு, அதாவது வழக்கில் வென்று தீர்ப்பாணை பெற்றவருக்கு. அதுவும் முடிவில்லாமல் ஓடாது. ஒரே டிக்ரிக்காக மொத்தம் 24 மாதம் பிடித்தம் நடந்துவிட்டால், அந்த டிக்ரிக்கு அந்தச் சம்பளத்தை மறுபடி தொட முடியாது. வருங்கால வைப்பு நிதிக்கும் தனிப் பாதுகாப்பு உண்டு. “இந்தச் சலுகை எனக்கு வேண்டாம்” என்று கடன் பத்திரத்தில் முன்கூட்டியே எழுதி வாங்கினாலும் செல்லாது. பணமுடையில் இருப்பவர் எதிலும் கையெழுத்துப் போடுவார் என்பது சட்டத்துக்குத் தெரியும்.

“அப்படியானால் கடன் கொடுத்தவர் கதி என்ன? அவரும் சிறுகச் சிறுகச் சேர்த்தவராக இருக்கலாமே” என்ற கேள்வி நியாயமானது. ஆனால் கடனாளியின் மனை, வாகனம், வைப்புத்தொகை எதற்கும் இந்தப் பாதுகாப்பு பொதுவாகக் கிடையாது. கேட்பவரின் தேவையையும் சட்டம் எடை போடுகிறது: கைவிடப்பட்ட மனைவி ஜீவனாம்சத்துக்காக வந்தால், கணவனின் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மட்டுமே பாதுகாப்பு. கையில் வசதி வைத்துக்கொண்டு ஏமாற்றுபவரைச் சிவில் சிறைக்கு அனுப்பவும் வழி இருக்கிறது. ஆனால் 1980இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் ஒரு கோடு கிழித்தார்: கட்ட முடியாமை வேறு, கட்ட மறுப்பது வேறு, ஏழ்மைக்காக ஒருவரைச் சிறையில் தள்ள முடியாது. நாணயமற்றவருக்குக் குடை பிடிக்கும் சட்டம் என்ற குற்றச்சாட்டு இங்கே நிற்கவில்லை.

உண்மையான குறை வேறிடத்தில் இருக்கிறது. அந்த முதல் ஆயிரம் ரூபாய், முன்பு நானூறாக இருந்து, 2002 ஜூலையில் ஆயிரமானது. விலைவாசி ஏறிய வேகத்தில் அது ஏறவில்லை. பத்தாயிரம் சம்பளக்காரரிடமிருந்து இன்று மாதம் 3,000 ரூபாய் போகலாம். மிஞ்சும் ஏழாயிரத்தில் வாடகை, அரிசி, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் அவர் அடுத்துத் தேடிப்போவது கந்துவட்டிக்காரரைத்தான். பழைய கடன் அடையப் புதிய கடன் முளைக்கிறது. தொகையை ஒருமுறை உயர்த்தி எழுதினாலும் சில ஆண்டுகளில் அதுவும் தேய்ந்துவிடும். குறைந்தபட்ச ஊதியத்தோடு அதைப் பிணைத்துவிட்டால், ஊதியம் உயரும்போது பாதுகாப்பும் தானே உயரும்.

அதுவரை, நேயர்களே, ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். சம்பளத்தை ஜப்தி செய்ய நீதிமன்ற உத்தரவு வேண்டும். வசூல் முகவர் வாசலில் நின்று போடும் சத்தம் உத்தரவு ஆகாது. நீதிமன்ற நோட்டீஸ் வந்தால் வாங்க மறுக்காதீர்கள், ஒளியாதீர்கள். சம்பளச் சீட்டை எடுத்துக்கொண்டு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கும் வருமானம் குறைந்தவர்களுக்கும் அங்கே வழக்கறிஞர் உதவி இலவசம். உங்கள் பாதுகாப்பைக் கேட்க வேண்டிய இடம் நீதிமன்றம்; கேட்க வேண்டியவர் நீங்கள்.