உடலில் ஓடும் சரக்கு வண்டி



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே மரபு. பள்ளியிறுதியோடு படிப்பை நிறுத்தி, ரயில்வேயில் சரக்குக் கணக்கு எழுதும் எமக்கு உயிரணுவைப் பற்றிப் பேச என்ன உரிமை என்று கேட்கலாம். உரிமை உண்டு; இதுவும் சரக்குக் கணக்கே.

நாம் உண்ணும் சோறு சர்க்கரையாகிக் குருதியில் கலக்கின்றது. அதனை உயிரணு, அடுப்பில் விறகை எரிப்பதுபோல் ஒரேயடியாக எரிப்பதில்லை. எரித்தால் உடல் தாங்குமா? படிப்படியாகச் சிதைத்து, வெளிப்படும் ஆற்றலை அடினோசின் டிரைபாஸ்பேட், சுருக்கமாக ஏ.டி.பி., என்னும் பொருளில் ஏற்றுகின்றது. அதன் மூன்று பாஸ்பேட்டுகளில் ஒன்று கழலும்போது தசை சுருங்குகின்றது, நரம்பு இயங்குகின்றது. எஞ்சுவது காலி வண்டி. அது மீண்டும் சரக்கேற்றத் திரும்புகின்றது.

எந்நேரமும் நம் உடலிலுள்ள ஏ.டி.பி. கால் கிலோவுக்கு மேற்படாது. ஆயினும் ஒரு நாளில் உருவாகிச் செலவாவதைக் கூட்டினால் ஏறக்குறைய நம் உடலின் எடையே வரும்! வண்டிகள் சில, சுழற்சியே பெரிது. காலி வண்டி சைடிங்கில் கிடந்தால் மேலிடத்திலிருந்து கேள்வி வருமென்பதை ரயில்வே அன்பர்கள் அறிவர்.

சரக்கேற்றுமிடம் மைட்டோகாண்டிரியா. அதன் உட்சவ்வுக்கு அப்பால் புரோட்டான்கள் அணைநீர்போல் தேக்கப்படுகின்றன. அவை திரும்பிப் பாயும் வழியில் ஒரு நொதி சக்கரம்போலவே சுழன்று ஏ.டி.பி.யை ஆக்குகின்றது. 1961இல் ஆங்கிலேயர் பீட்டர் மிட்சல் இத்தேக்கத்தைப் பற்றிக் கூறியபோது பலர் ஏற்கவில்லை. 1978இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. நம் வாசல் துளசியின் இலையிலும் இதே ஏற்பாடுதான். ஆங்கே தேக்குவதற்கு வேண்டிய ஆற்றலைப் பச்சையம் சூரிய ஒளியிலிருந்து பிடிக்கின்றது.

சர்க்கரையிலிருந்து வரும் எலக்ட்ரான்களை இறுதியில் ஏற்பது நாம் சுவாசிக்கும் பிராணவாயு. அது நின்றால் தேக்கம் வற்றும், ஏ.டி.பி. தீரும், மூளை சில நிமிடங்களே தாங்கும். நீரில் மூழ்கியவருக்கு மூச்சூட்டுவதில் கணமும் தாமதிக்கலாகாது என்பது இதனாலேயே. இளைஞர்கள் இம்முறையைக் கற்றுக்கொள்வது நலம்.

ஏ.டி.பி.யை 1929இல் கண்டவர்களுள் ஒருவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். ஆந்திரத்துப் பீமாவரத்தில் 1895இல் பிறந்தவர். மெட்ரிக்குலேஷனில் மூன்றாம் முறையே தேறி, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, அமெரிக்காவில் ஹார்வர்டில் பிஸ்கேயுடன் ஆய்ந்தவர். அதே ஆண்டில் ஜெர்மனியில் லோமானும் தனியே அதனைக் கண்டார். 1948இல் சுப்பாராவ் அமெரிக்காவிலேயே மறைந்தார். 1995இல் நம் அஞ்சல் துறை அவருக்குத் தபால் தலை வெளியிட்டது. அதில் ஒன்று எம்மிடம் உண்டு. பார்க்க விரும்பும் குழந்தைகள் சிற்றுண்டி வேளையில் வரலாம்.