நிறுவனம் வேறு, நாம் வேறு
(வெள்ளி விழா இளைஞர் அரங்கில் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



நம் இளைஞர் சிலர் சிறு தனியார் நிறுவனங்களைப் பதிவு செய்து தொழில் நடத்த முன்வந்துள்ளனர். தந்தை அரும்பாடுபட்டுக் கட்டிய வீட்டின் முன்பகுதியே அவர்தம் தொழிற்கூடம். "என் வீடு, என் நிறுவனம், எனக்கு நானே வாடகை தருவதா?" என்று என் பழைய மாணவர் ஒருவர் வினவினார். அதற்கான விடையே இவ்வுரை.

இலண்டனில் தோல் காலணி செய்து விற்ற ஆரன் சாலமன் என்பாரின் வழக்கில், நிறுவனம் வேறு, அதன் உரிமையாளர் வேறு என்று பிரபுக்கள் சபை 1896இல் தீர்ப்பளித்தது. நம் நாட்டுச் சட்டமும் அக்கொள்கையை ஏற்றுள்ளது. தனியொருவராகக் கடை நடத்துபவர் தமக்குத் தாமே வாடகை கொடுத்ததாகச் செலவு எழுத இயலாது. நிறுவனமோ எழுதலாம்.

மாத வாடகை 20,000 ரூபாய் எனக் கொள்வோம். ஆண்டுக்கு 2,40,000 ரூபாய் நிறுவனத்தின் செலவு. அதுவே உரிமையாளரின் வருமானம். அவர் செலுத்திய வீட்டுவரி 10,000 ரூபாயைக் கழித்து, எஞ்சியதில் 30 விழுக்காட்டைத் தள்ளினால், வரிக்கு உட்படுவது 1,61,000 ரூபாய். வருமானவரிச் சட்டம் 2025இல் புதிதாக இயற்றப்பட்டபோதும் இம்முறை மாறவில்லை.

அவ்வாறாயின் வாடகையை இருமடங்காக்கலாமே எனச் சிலர் எண்ணக்கூடும். அது பெருந்தவறு. அத்தெருவின் நியாயமான வாடகைக்கு மேற்பட்ட தொகையை நிறுவனத்தின் செலவாக அதிகாரி ஏற்க மறுக்கலாம். உரிமையாளரோ முழுத் தொகைக்கும் வரி கட்ட நேரும். ஒரே பணத்திற்கு இருமுறை வரி! மாத வாடகை 50,000 ரூபாயைத் தாண்டினால், நிறுவனமே 10 விழுக்காட்டை முன்னதாகப் பிடித்து அரசுக்குச் செலுத்தவும் வேண்டும்.

வரியினும் பெரிது ஒன்றுண்டு. வீடு உங்கள் பெயரில் இருக்க, நீங்களே பிணை எழுதிக் கொடுத்தாலன்றி, நிறுவனம் நொடித்தாலும் அதன் கடனுக்கு வீடு பொதுவாகப் பொறுப்பாகாது. இரு கணக்கையும் கலந்தவர் அவ்வேறுபாட்டை நிலைநாட்ட இடர்ப்படுவர்.

ஆதலின் இளைஞர்களே, வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் வையுங்கள். வாடகையை வங்கி வழியே செலுத்துங்கள். இரசீதைப் பேணுங்கள். பத்திரமின்றி நிலத்தை இழந்த முன்னோரின் மக்கள் நாம். தாளின் மதிப்பை நம்மினும் அறிந்தவர் யார்?